21 மாடிப் படிகளும் இரண்டு முறை போட்ட உப்பும்

மகள் தூங்கியதும், இரவு ஒன்பதரைக்கு லேப்டாப்பைத் திறப்பார் அவர். பதினொரு மணிக்கு மூடியாக வேண்டும். காலையில் டிபன் பாக்ஸ் கட்டும் வேலை காத்திருக்கிறது. ஆக, கையில் இருப்பது தினமும் ஒன்றரை மணி நேரம். ஒன்பது வருட இடைவெளிக்குப் பிறகு மறுபடி சாஃப்ட்வேர் வேலைக்குப் போக, அந்த ஒன்றரை மணி நேரம்தான் முதலீடு.

எதைப் படிப்பது என்பதுதான் குழப்பம். தவறான மொழியைப் பிடித்துக்கொண்டால் ஆறு மாதம் வீண். அதைவிட, 'நம்மால் முடியாது போல' என்ற எண்ணம் வந்துவிட்டால் லேப்டாப்பைத் திறக்கவே மனசு வராது.

பழைய வேலையில் அவர் எழுதியது சி ப்ளஸ் ப்ளஸ். அது கம்பைல் செய்யும் மொழி. அதாவது, நாம் எழுதுவதை கம்பைலர் என்ற மென்பொருள் முன்கூட்டியே இயந்திரத்துக்குப் புரியும்படி முழுதாக மாற்றி வைத்துவிடும். அதனால் ஓடும்போது வேகம் அதிகம். அதே வகையில் புதிதாக ஒன்றைப் படிக்கலாம் என்று முடிவு செய்தார்.

"அத்தை, யோசிக்காம கோ படிங்க. அதுல மொத்தமே 25 கீவேர்டுதான். டாக்கர், குபர்னெட்டிஸ் எல்லாம் கோ-லதான் எழுதியிருக்காங்க" என்றான் அண்ணன் மகன். அவனும் அதே துறையில் இருக்கிறான். ஆனால், அவனுடைய நண்பனோ, "ரஸ்ட் படிக்கச் சொல்லுடா" என்றான்.

இரண்டு பேர் சொல்வதும் சரி மாதிரியே இருந்தது. அதனால் அவர் வேறொரு கேள்வி கேட்டுக்கொண்டார். இந்த மொழிகளை எதற்காக உருவாக்கினார்கள்?

காத்திருப்பில் பிறந்தது... கோபத்தில் பிறந்தது...

2007-ல் கூகுளில் ராப் பைக்கும் அவருடைய சகாக்களும் ஒரு பெரிய சி ப்ளஸ் ப்ளஸ் ப்ரோகிராமை கம்பைல் செய்யப் போட்டுவிட்டுக் காத்திருப்பார்கள். முடிய முக்கால் மணி நேரம் ஆகும். அந்தக் காத்திருப்பின்போதுதான் பைக், ராபர்ட் க்ரீஸ்மர், கென் தாம்ப்ஸன் மூவரும் புதிய மொழியைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். கென் தாம்ப்ஸன் யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவர். சீக்கிரம் கம்பைல் ஆக வேண்டும், படிக்க எளிதாக இருக்க வேண்டும், ஒரே நேரத்தில் பல வேலைகளைச் செய்ய வேண்டும். 2009-ல் கோ வெளியானது.

ரஸ்ட்டின் கதை கனடாவின் வான்கூவரில் தொடங்குகிறது. 2006-ல் மொஸில்லாவில் வேலை பார்த்த க்ரேடன் ஹோர் வீட்டுக்கு வந்தபோது, லிஃப்ட் ஓடவில்லை. அதன் சாஃப்ட்வேர் செயலிழந்திருந்தது. அது முதல் முறையும் அல்ல. அவர் வீடு இருந்தது 21-வது மாடியில். ஒரு லிஃப்டைக்கூடப் பழுதில்லாமல் ஓட வைக்க முடியவில்லையே என்ற எரிச்சலோடு படியேறியவர், அப்படிப்பட்ட தவறுகளுக்கு இடம் கொடுக்காத ஒரு மொழியை எழுத ஆரம்பித்தார். முதல் நிலையான பதிப்பு வர 2015 ஆனது.

அந்த மூன்று வாரம்

முதலில் கோ. பத்தே நாளில் சின்னச் சின்ன ப்ரோகிராம்கள் எழுத வந்துவிட்டது. ஒன்பது வருடத்துக்குப் பிறகு கை பேசிய சந்தோஷம். அடுத்து ரஸ்ட். முதல் வாரம் முழுக்க கம்பைலர் திட்டிக்கொண்டே இருந்தது. 'கோ-வே போதும்' என்று மூடிவைக்கப் போன இரவில்தான், பழைய ஆபீஸின் அந்த மூன்று வாரம் நினைவுக்கு வந்தது.

அவர் எழுதிய கணக்கு எப்போதாவது ஒருமுறை தப்பாக வரும். சோதித்துப் பார்த்தால் சரியாக இருக்கும். காரணம் எளிமையானது. மாமியாரும் மருமகளும் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் சாம்பாரில் உப்பு போட்டால் என்ன ஆகும்? ப்ரோகிராமின் இரண்டு பகுதிகள், ஒரே எண்ணை ஒரே நேரத்தில் மாற்றிக்கொண்டிருந்தன. கண்டுபிடிக்க மூன்று வாரம் ஆனது. அதற்குள் கெட்ட பெயர் வந்துவிட்டது.

அந்தத் தவறையே மறுபடி எழுதிப் பார்த்தார். இரண்டு பகுதிகள், ஒவ்வொன்றும் ஒரே எண்ணில் லட்சம் முறை ஒன்றைக் கூட்ட வேண்டும். கோ-வில் கம்பைல் ஆனது, ஓடியது. 2,00,000 வர வேண்டிய இடத்தில் அதைவிடக் குறைவான எண் வந்தது. அடுத்த முறை வேறொரு எண்.

ரஸ்ட்டில் ஓடவே இல்லை. ஒரு பொருளை எத்தனை பேர் வேண்டுமானாலும் பார்க்கலாம். மாற்றுவது என்றால், அந்த நேரத்தில் ஒருவர் மட்டும்தான். இது அந்த மொழியின் அடிப்படை விதி. எந்த வரியில் விதி மீறப்பட்டது என்று கோடு போட்டுக் காட்டியது கம்பைலர். மூன்று வாரம் தேடியதை ஒரு நொடியில் சொல்லிவிட்டது.

சற்று நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அத்தை, கோ-லயும் அதைக் கண்டுபிடிக்க டூல் இருக்கு. ரேஸ் டிடெக்டர்னு பேரு" என்றான் அண்ணன் மகன். உண்மைதான். ஓட்டிப் பார்த்தார், சரியாகக் காட்டியது.

"அதை ஓட்டிப் பார்க்கணும்னு நமக்குத் தோணணுமேடா. எனக்கு அன்னிக்குத் தோணலையே" என்றார்.

ரஸ்ட் என்று முடிவானது. நாள் அதிகம் பிடிக்கும் என்று தெரிந்தேதான் எடுத்த முடிவு. சீக்கிரம் வேலைக்குப் போயாக வேண்டிய நெருக்கடி இருந்திருந்தால், கோ-வையே தேர்ந்தெடுத்திருப்பார். ஐபோன் ஆப் செய்யும் ஆசை இருந்திருந்தால், ஸ்விஃப்ட் பக்கம் போயிருப்பார். அவருக்குப் பழைய காயம் ஒன்று இருந்தது. அதற்கு மருந்து தெரிந்த மொழியைப் பிடித்துக்கொண்டார்.

நேற்று இரவு தண்ணீர் குடிக்க எழுந்து வந்த மகள், திரையில் வரிசையாகச் சிவப்பு எழுத்துகளைப் பார்த்துவிட்டாள்.

"என்னம்மா, கம்ப்யூட்டர் உன்னைத் திட்டுதா?"

"ஆமாண்டி. வீட்டுக்குள்ளேயே திட்டிடுது. ஊர் முன்னாடி மானத்தை வாங்கல."

மகளுக்குப் புரியவில்லை. தண்ணீரைக் குடித்துவிட்டுத் தூங்கப் போய்விட்டாள். பதினொரு மணியாக இன்னும் இருபது நிமிடம் இருந்தது.