கடப்பாரை இறங்காத கொல்லை

2023 ஜூலை 26 அன்று, சுரங்கத்துக்காகப் பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்ட, வளையமாதேவியில் பயிர் நின்ற நெல்வயலில் மண்வாரி இயந்திரங்கள் இறங்கின. நின்ற பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் கொடுக்கச் சொன்னது உயர் நீதிமன்றம்.

அந்த ஊரில் ஒரு அம்மாவுக்கு மிஞ்சியது வீட்டையொட்டிய பத்து சென்ட். அதுவும் பல வருஷம் சேற்றுழவு கண்ட மண். கத்தரி நட்டார், செடி முழங்கால் உயரத்தோடு நின்றுவிட்டது. பிடுங்கினால் ஆணிவேர் அரை அடியில் 'ட' போல மடங்கிக் கிடந்தது. யூரியாவைக் கூட்டச் சொன்னார் மகன். நல்லவேளை, அம்மா கேட்கவில்லை. தண்ணீர் விட்ட மறுநாள் இரும்புக் கம்பியைக் குத்திப் பார்த்தார். அரை அடிக்குக் கீழே இறங்கவில்லை.

நெல்லுக்கு நீர் நிறுத்தித் தரும் அந்த இறுகிய தட்டுதான் காய்கறிக்கு எமன். வேருக்கும் மூச்சு வேண்டும். மண் துளையில் காற்றில்லாமல் நீரே நின்றால் வேர் அழுகும்.

வயலென்றால் உளிக்கலப்பையை அரை மீட்டர் இடைவெளியில் குறுக்கும் நெடுக்கும் ஓட்டலாம். கொல்லையில் டிராக்டர் திரும்ப இடமேது? கடப்பாரையால் ஒன்றரை அடி ஆழம் நெம்பினார், அடிமண்ணை மேலே புரட்டாமல். பிடித்தால் உருண்டையாக ஒட்டும் ஈரத்தில் மண்ணைத் தொடவில்லை. அப்போது கிளறினால் இன்னும் இறுகும். தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் சமயம் 45 நாளில் மடக்கினார். சென்ட்டுக்கு 50 கிலோ மக்கிய தொழுஉரம். மூன்றடி அகலப் பாத்தி, நடக்கத் தனி வழி. பேரப்பிள்ளைகள் பாத்தியில் கால் வைத்தால் திட்டுதான்.

தையில் பிடுங்கிய முள்ளங்கி கிளைக்காமல் நேராக இறங்கியிருந்தது. போன நிலத்தைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றி, பாத்தியைக் காட்டுகிறார்.