கேம் கியரும் அதன் பூஜ்ஜியமும்

நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் கிராங்க் ஷாஃப்ட் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஷாஃப்ட் ஒரு சுற்று சுற்றும். கேம் ஷாஃப்டை 1 டிகிரி நகர்த்தினால் கிராங்க் கணக்கில் அது 2 டிகிரி. வழக்கமான கேம் கியரில் இந்த நகர்வுக்கு இடமில்லை. பெல்ட்டை ஒரு பல் தள்ளிப் போட்டுப் பார்க்கலாம் என்றால், 40 பல் உள்ள கியரில் ஒரு பல் என்பது கிராங்க் கணக்கில் 18 டிகிரி. அது டியூனிங் ஆகாது, கோளாறுதான் ஆகும். சரிசெய்யக்கூடிய கேம் கியர் இரண்டு துண்டாக இருக்கும். பெல்ட் ஓடும் பல் வளையம் வெளியே, கேம் ஷாஃப்டின் முனையில் கீ போட்டு உட்காரும் நடுப்பகுதி உள்ளே. இரண்டையும் சில சிறு போல்ட்டுகள் இறுக்கிப் பிடிக்கின்றன. போல்ட்டைத் தளர்த்தினால் உள்பகுதியை மட்டும் சில டிகிரி திருப்பலாம். பக்கத்தில் பொறித்த அளவுகோல் சில கியர்களில் கேம் டிகிரி, சிலவற்றில் கிராங்க் டிகிரி. எது என்று தெரியாமல் கை வைத்தால் நகர்வு இரட்டிப்பாகவோ பாதியாகவோ போய்விடும்.

கேமை இப்படி நகர்த்துவதில் முதன்மையானது இன்டேக் வால்வு மூடும் நேரம்தான். பிஸ்டன் கீழே போய் மறுபடி மேலேறத் தொடங்கிய பிறகும் அந்த வால்வு சற்று நேரம் திறந்தே இருக்கும். அதிக வேகத்தில் உள்ளே பாயும் காற்றுக்கு உந்தம் இருப்பதால், அந்தக் கூடுதல் நேரத்திலும் சிலிண்டர் நிரம்பிக்கொண்டே இருக்கும். குறைந்த வேகத்தில் அந்த உந்தம் இல்லை. ஏறும் பிஸ்டன் காற்றை வந்த வழியே திருப்பி அனுப்பிவிடும். இன்டேக் கேமை அட்வான்ஸ் செய்தால் வால்வு சீக்கிரம் மூடும், கீழ் வேகத்தில் டார்க் கூடும். ரிடார்ட் செய்தால் மேல் வேகத்தில் பவர் கூடும். பெரும்பாலும் கியர் பவரை உண்டாக்குவதில்லை. இருப்பதை எந்த வேகத்துக்கு ஒதுக்குவது என்று தீர்மானிக்கிறது.

ஒற்றைக் கேம் எஞ்சினில் இன்டேக், எக்ஸாஸ்ட் இரண்டும் சேர்ந்தே நகரும். இரட்டைக் கேம் எஞ்சினில் தனித்தனியாக நகர்த்தலாம். அதனால் இரண்டு வால்வுகளும் ஒன்றாகத் திறந்திருக்கும் ஓவர்லேப்பும் கைக்குள் வருகிறது. இன்டேக் லோபின் (வால்வைத் திறக்கும் கேம் மேட்டின்) மையம், பிஸ்டன் உச்சியில் நிற்கும் இடமான டி.டி.சி.க்குப் பின் 110 டிகிரி, எக்ஸாஸ்ட் லோபின் மையம் டி.டி.சி.க்கு முன் 110 டிகிரி என்று வைத்துக்கொண்டால், கிராங்க் கணக்கில் இன்டேக்கை 4 டிகிரி அட்வான்ஸும் எக்ஸாஸ்ட்டை 4 டிகிரி ரிடார்ட்டும் செய்யும்போது இரண்டும் 106 ஆகும். ஓவர்லேப் 8 டிகிரி கூடும். இயற்கையாகக் காற்றிழுக்கும் எஞ்சினில் நல்ல எக்ஸாஸ்ட் அமைந்திருந்தால் இது மேல் வேகத்தில் உதவும்; ஐடிலிங் தள்ளாடும். டர்போ எஞ்சினில் எக்ஸாஸ்ட் பக்க அழுத்தம் அதிகமாக இருந்தால், எரிந்த வாயு இன்டேக்கை நோக்கித் திரும்பும். அங்கே ஓவர்லேப்பைக் குறைப்பதே பல நேரம் பலன் தரும்.

ஹெட்டின் அடிப்பரப்பை மில்லிங்கில் சீவிய எஞ்சினுக்கு இந்தக் கியர் அவசியம். ஹெட் இறங்கும்போது கேமுக்கும் கிராங்க்குக்கும் உள்ள தூரம் குறைந்து, கேம் சற்றே ரிடார்ட் ஆகிவிடும். வேறு கேம் ஷாஃப்ட் போட்ட எஞ்சினுக்கும் இந்தக் கியர் வேண்டும். ஒன்றும் மாற்றாத எஞ்சினில் பலன் சொற்பம்.

1989-இல் இன்டெக்ராவில் வந்த ஹோண்டா பி16ஏ, இந்த வேலையின் எல்லாச் சிக்கல்களையும் ஒருசேரக் காட்டும் எஞ்சின். 1,595 சி.சி., 160 குதிரைத்திறன். வழக்கத்துக்கு மாறாக, பெல்ட் பக்கமிருந்து பார்த்தால் கிராங்க் இடஞ்சுழியாகச் சுற்றும். மற்ற எஞ்சின்களில் பழகிய கைக்கு அட்வான்ஸும் ரிடார்ட்டும் தலைகீழாகிவிடும். முதல் சிலிண்டரை டி.டி.சி.யில் நிறுத்தி, இரு கேம் ஷாஃப்டுகளும் ஸ்பிரிங் விசையில் துள்ளாதபடி முதல் கேம் ஹோல்டர்களின் துளைகளில் 5 மி.மீ. பின்களைச் செருக வேண்டும். புதுக் கியர்கள் பூஜ்ஜியத்தில் இருக்க, பெல்ட்டை மாட்டி, பின்களை எடுத்துவிட்டு, கிராங்க்கைக் கையால் சில சுற்று சுற்றிப் பெல்ட்டை அமர்த்த வேண்டும். பிறகு டென்ஷனரைத் தளர்த்தி, கேம் கியரில் 3 பல் நகரும் அளவுக்குக் கிராங்க்கை இடஞ்சுழியாகத் திருப்பி, டென்ஷனரை இறுக்கினால், தொய்வு முழுதும் டென்ஷனர் பக்கம் சேரும்.

கியரில் பொறித்த பூஜ்ஜியம் கியருடையது. எஞ்சினுடைய பூஜ்ஜியத்தை அளந்துதான் எடுக்க வேண்டும். டி.டி.சி.க்கு அருகில் பிஸ்டன் நின்றாற்போல் இருக்கும் என்பதால் கண்ணால் பார்த்து அதைக் குறிக்க முடியாது. பிஸ்டனைத் தடுக்கும் ஸ்டாப்பை வைத்து, கிராங்க்கை இரு பக்கமும் மெதுவாகத் திருப்பி, டிகிரி சக்கரம் காட்டும் இரு எண்களின் நடுவை எடுப்பார்கள். அடுத்து டயல் கேஜ். உச்ச லிஃப்டில் அதைப் பூஜ்ஜியமாக்கி, உச்சத்துக்கு முன்னும் பின்னும் 1.27 மி.மீ. தாழ்வு காட்டும் இடங்களைக் குறிக்க வேண்டும். அவை டி.டி.சி.க்குப் பின் 84, 138 என்றால் மையம் 111. கேம் தயாரிப்பாளர் கேட்பது 108 என்றால், கிராங்க் கணக்கில் 3, கேம் கணக்கில் ஒன்றரை டிகிரி அட்வான்ஸ்.

பி16ஏ ஒரு விடெக் எஞ்சின்: குறைந்த வேகத்தில் தாழ்ந்த லோபும், அதிக வேகத்தில் எண்ணெய் அழுத்தம் வால்வை அழுத்தும் ராக்கர்களை நடு ராக்கரோடு பூட்டும்போது உயர்ந்த லோபும் வால்வுகளை இயக்கும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. எஞ்சின் ஓடாதபோது எண்ணெய் அழுத்தம் இல்லை, ராக்கர்கள் பூட்டிக்கொள்வதில்லை. வால்வு தாழ்ந்த லோபைத்தான் பின்பற்றும். உயர்ந்த லோபை அளக்க டயல் கேஜின் முனை நடு ராக்கர் மேலேயே நிற்க வேண்டும். வால்வுக்கும் பிஸ்டனுக்கும் உள்ள இடைவெளியைச் சோதிக்கும்போதும் இதே கதைதான். பிஸ்டன் தலையில் களிமண் வைத்து எஞ்சினைக் கையால் சுற்றி, பதிந்த தடத்தை வெட்டி அளக்கும் முறையில், ராக்கர்களைப் பூட்டாமல் விட்டால் கிடைப்பது பொய்யான நிம்மதி. பொதுவாகப் பட்டறைகளில் இன்டேக்குக்கு 2 மி.மீ., எக்ஸாஸ்ட்டுக்கு 2.5 மி.மீ. குறைந்தபட்ச இடைவெளியாகக் கொள்வார்கள். இன்டேக்கை அட்வான்ஸ் செய்தாலும் எக்ஸாஸ்ட்டை ரிடார்ட் செய்தாலும் வால்வு பிஸ்டனை நெருங்கும். எனவே எந்தப் பக்கம் எத்தனை டிகிரிக்கு மேல் போகக் கூடாது என்பது பவரை அளக்கும் டைனோவில் ஏற்றுவதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

டைனோவில் ஒரு நேரத்தில் ஒரு கேமைத்தான் தொட வேண்டும். ஒரு தடவைக்கு 2 டிகிரி போதும். பி16ஏ-வில் டிஸ்ட்ரிபியூட்டர் இன்டேக் கேமோடு சேர்ந்து சுற்றுவதால், அந்தக் கேம் நகர்ந்தால் இக்னிஷனும் கூடவே நகரும். டைமிங் லைட்டைக் காட்டி ஐடிலிங்கில் 16 டிகிரிக்குத் திரும்பக் கொண்டுவராவிட்டால், பவர் கூடியது கேமாலா இக்னிஷனாலா என்று சொல்ல முடியாது. உள்ளே போகும் காற்று மாறும்போது எரிபொருள் விகிதமும் மாறும். அதையும் ஒவ்வொரு ஓட்டத்திலும் பார்க்க வேண்டும். எண்ணெய், தண்ணீர் வெப்பநிலை ஒன்றாக இல்லாத ஓட்டங்களை ஒப்பிடுவதில் பொருளில்லை. தாழ்ந்த லோபும் உயர்ந்த லோபும் ஒரே ஷாஃப்டில் இருப்பதால் மேலே கிடைத்தது கீழே போகலாம். எனவே உச்ச எண்ணைவிட, வண்டி உண்மையில் ஓடும் வேகங்களில் வளைகோடு எவ்வளவு உயர்ந்து நிற்கிறது என்பதைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

முடிவான இடத்தில் போல்ட்டுகளைச் சுத்தம் செய்து, கழலாமல் பிடிக்கும் பசை தடவி, தயாரிப்பாளர் சொன்ன டார்க்கில் இறுக்கி, வளையத்துக்கும் நடுப்பகுதிக்கும் குறுக்கே பெயின்ட் கோடு இட வேண்டும். அடுத்த சர்வீஸில் கோடு உடைந்திருந்தால் கியர் நழுவியிருக்கிறது என்று பொருள். வண்ணக் கியர் வெளியே தெரியட்டும் என்று பெல்ட்டின் மேல் மூடியைக் கழற்றி வைப்பவர்கள் உண்டு. ஒரு சிறு கல்லோ எண்ணெய்க் கசிவோ பெல்ட்டைக் கெடுத்தால், அத்தனை டிகிரிக் கணக்கும் வளைந்த வால்வுகளில் முடியும். டிகிரி எண்களை நோட்டில் குறித்து, மூடியை மாட்டிய பிறகே வேலை முடிகிறது.