அடுத்த மாடலும் பெரியம்மாவின் தலைவிளக்கும்

“கேமரா முக்கியமில்லை, கண்தான் முக்கியம்” என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் பகலில் படம் எடுக்கிறவர்கள். நல்ல வெளிச்சத்தில் அது உண்மைதான். கைப்பேசியே போதும். காலை ஐந்தரை மணிக்கு ரப்பர் தோப்புக்குள் நின்றுகொண்டு இதைச் சொல்லச் சொல்லுங்கள், பார்ப்போம்.

எங்கள் வீட்டுப் பழைய ஆல்பங்களில் இருட்டே கிடையாது. கல்யாணம், காதுகுத்து, தோட்டத்துக் கோயில் திருவிழா எல்லாம் வெயிலில் அல்லது ஃபிளாஷ் வெளிச்சத்தில் எடுத்தவை. ஃபிளாஷில் எடுத்ததில் ஆட்கள் வெள்ளை வெளேரென்று நிற்பார்கள், பின்னால் வெறும் கறுப்பு. ஆனால் பாட்டி தாத்தாவின் உழைப்பில் பாதி இருட்டில்தான் நடந்தது. விடிவதற்கு முன் பெரட்டு, பிறகு தலைவிளக்கோடு மரம் வெட்டப் போவது. குளிர்ந்த நேரத்தில்தான் பட்டைக்குள் பாலின் அழுத்தம் அதிகம். வெயில் ஏறி இலைகள் நீரை இழக்க ஆரம்பித்தால் பால் ஓட்டம் குறைந்துவிடும். அந்த நேரத்தை அன்றைய 400 ஐஎஸ்ஓ ஃபிலிமால் பிடிப்பது மிகக் கடினம். அதனால்தானோ என்னவோ, நான் பார்த்த பால்மரப் படங்களில் எல்லாம் வெயிலடிக்கிறது, கையில் கத்தியோடு ஒருவர் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார்.

என்னிடம் இருப்பது நிக்கான் டி750. 2014-இல் வந்தது, 24 மெகாபிக்சல், முழு அளவு சென்சார். ஒரு கல்யாணப் படக்காரர் தொழிலை விட்டபோது அவரிடமிருந்து பேரம் பேசி வாங்கினேன். அப்போதே 92,000 படங்கள் எடுத்திருந்தது. அதன் ஷட்டரை 1,50,000 முறைக்குச் சோதித்திருக்கிறார்கள் என்பதால், மிச்சத்தைக் கணக்குப் போட்டே அழுத்துகிறேன்.

சுங்கை சிப்புட் பக்கம் பெரியம்மா இன்னும் மரம் வெட்டுகிறார். தோட்டம் அல்ல, ஒரு தவுக்கேயின் ஐந்து ஏக்கர் தோப்பு. வயது அறுபத்து மூன்று. இந்தக் கேமராவை நான் வாங்கியதே அவருக்காகத்தான். 6400 ஐஎஸ்ஓவில் இது தரும் படத்தைப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. தலைவிளக்கின் மஞ்சள் வட்டத்துக்குள் பட்டை, கத்தி, விரல்கள். வட்டத்துக்கு வெளியே, கறுப்புக்குப் பதில், மங்கலாக அடுத்தடுத்த மரங்கள். அந்தப் பழைய ஃபிலிமைவிடப் பதினாறு மடங்கு உணர்திறன், அவ்வளவுதான் விஷயம்.

சிக்கல் வேறு இடத்தில். விளக்கு விழாத இடத்தில் லென்ஸ் ஃபோகஸைத் தேடி முன்னும் பின்னும் ஓடும். ஃபோகஸ் புள்ளிகள் 51-ம் நடுவிலேயே குவிந்து கிடக்கும், பெரியம்மாவின் முகமோ எப்போதும் ஓரத்தில் இருக்கும். அப்புறம் கண்ணாடி எழும்பி விழும் சத்தம். “என்னாடா அது, படம் புடிக்கறியா, ஆணி அடிக்கறியா?” என்று முதல் நாளே கேட்டுவிட்டார்.

2020 ஜனவரியில் டி780 வந்தது. பின்திரை வழியாகப் பார்த்தால் இருட்டில் அருமையாக ஃபோகஸ் ஆகும். வ்யூஃபைண்டரில் அதே 51 புள்ளிகள். கேமராவைக் கை நீட்டிப் பிடித்து, திரையைப் பார்த்தபடி 1/30 நொடியில் எடுத்தால் என் கை நடுங்கும். நான் காத்திருந்தது இதற்கு அடுத்ததற்கு. அந்த வரிசையில் அடுத்தது வரவே இல்லை. நிறுவனம் கண்ணாடி இல்லாத கேமராக்களின் பக்கம் போய்விட்டது. 2024 ஜூனில் அறிவித்த இசட்6 வரிசையின் மூன்றாம் மாடல், நான் கேட்டதையெல்லாம் கேட்டுச் செய்த மாதிரி இருக்கிறது. சத்தமில்லாமல் எடுக்கலாம், சென்சாரே அசைந்து கைநடுக்கத்தைச் சமன்செய்கிறது, கண் எங்கே இருந்தாலும் தேடிப் பிடிக்கிறது. என் டி750 -3 இவி வெளிச்சம் வரை ஃபோகஸ் செய்யும், அது -10 வரை என்கிறார்கள். ஒவ்வொரு படியும் பாதி வெளிச்சம் என்றால் ஏழு படிக்கு 128-இல் ஒரு பங்கு. அவர்கள் சோதித்த லென்ஸ் வேறு, என் லென்ஸ் வேறு. இருந்தாலும் 128.

ஒன்றை மட்டும் அதனிடம் நான் எதிர்பார்க்கவில்லை. இருட்டில் படம் புள்ளி புள்ளியாகத் தெரிவதற்கு முக்கியக் காரணம் சென்சார் அல்ல, ஒளியே குறைவாக வருவதுதான். ஒரு பிக்சலில் 10,000 ஒளித்துகள் விழுந்தால் ஏற்ற இறக்கம் ஏறத்தாழ 100, அதாவது ஒரு விழுக்காடு. 100 மட்டுமே விழுந்தால் 10, அது பத்து விழுக்காடு. இதை எந்தப் புதிய மாடலும் மாற்ற முடியாது. அதனால் பத்து வருட இடைவெளி இருந்தாலும் படத்தின் தரத்தில் பெரிய தாவல் இல்லை. தாவல் எல்லாம் கண்டுபிடிப்பதில், அசையாமல் நிற்பதில், சத்தம் போடாமல் இருப்பதில்.

விலை என் இரண்டு மாதச் சம்பளத்துக்கும் மேல். பெரியம்மாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் மனசுக்குள் கணக்குப் போட்டார். “அவ்ளோ காசுக்கு நான் எத்தன மாசம் பால் எடுக்கணும் தெரியுமாடா?” என்றார். கோபமில்லை, நிஜமாகவே எண்ணிப் பார்த்திருக்கிறார்.

என்னைப் போன்றவர்கள் அடுத்த மாடலை எதிர்பார்ப்பதை ஆசை என்று மட்டும் நினைக்கிறார்கள். அடுத்தது வந்தால் அதை நாங்கள் வாங்கப்போவதில்லை. அதற்கு முந்தையது விலை இறங்கும், யாராவது கல்யாணப் படக்காரர் தன்னுடையதை விற்பார். நான்காவது வரட்டும் என்று நான் வேண்டுவது மூன்றாவது கைக்கு எட்டுவதற்காக. அதற்கு இரண்டு வருடம் ஆகலாம், மூன்று வருடமும் ஆகலாம். தவுக்கேயோ இந்த மழைக்காலம் முடிந்ததும் மரங்களைச் சாய்த்துவிட்டுச் செம்பனை நடப்போவதாகச் சொல்லிவிட்டார்.

ஆகவே இப்போதைக்கு ஒரு வழி. 35 மில்லிமீட்டர் லென்ஸின் ஃபோகஸ் வளையத்தை இரண்டு மீட்டர் தூரத்துக்குத் திருப்பி, நகராமல் டேப் ஒட்டிவிட்டேன். தானியங்கி ஃபோகஸை அணைத்தாயிற்று. கேமரா தேட வேண்டியதில்லை, நான்தான் மரத்துக்கு மரம் அவரிடமிருந்து இரண்டு மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். வேர் தடுக்குகிறது, கொசு பிடுங்குகிறது. பத்துக்கு நான்கு தேறுகிறது. போன சனிக்கிழமை நான் கிட்டே போய்விட்டதை, பட்டையிலிருந்து கண்ணை எடுக்காமலே கண்டுபிடித்துவிட்டார்.

“இன்னும் ரெண்டு எட்டு பின்னால போடா.”