ஒரே மேசையில்

ஆப்பிரிக்காவின் நடுவே குன்றுகள் நிறைந்த சிறிய நாடு ருவாண்டா. அறுவடைக் காலத்தில், விடிந்ததும் பெண்கள் கூடைகளுடன் காப்பித் தோட்டங்களுக்குச் செல்கின்றனர். நன்கு சிவந்த பழங்களை மட்டுமே பறிக்கின்றனர், காய்களைத் தொடுவதில்லை.

இந்தக் குன்றுகள் ஒரு பெருந்துயரத்தைக் கண்டவை. 1994ஆம் ஆண்டில் ஏறத்தாழ 100 நாள்களில் அங்கு 8 இலட்சம் பேர் வரை கொல்லப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் துட்சி இனத்தவர். அண்டை வீட்டாரே ஆயுதம் ஏந்திய கொடுமையும் நடந்தது. கொலைகள் ஓய்ந்தபோது, பல வீடுகளில் கைம்பெண்களும் குழந்தைகளுமே எஞ்சியிருந்தனர். கையில் இருந்தவை சில நூறு காப்பிச் செடிகள். வீட்டிலேயே உலர்த்திய கொட்டைகளுக்கு இடைத்தரகர்கள் கொடுத்ததே விலை.

1999ஆம் ஆண்டு, நாட்டின் தென்பகுதியிலுள்ள மராபா வட்டாரத்துச் சிறு விவசாயிகள் கூட்டுறவுச் சங்கம் ஒன்றைத் தொடங்கினர். 2001இல் அங்குக் காப்பி கழுவும் நிலையம் அமைந்தது. தனி ஒருவரால் கட்ட முடியாதது அது. பழங்களை நீரில் இட்டு, மிதப்பவற்றைக் கழித்தனர். மற்றவற்றின் தோலை நீக்கி, நொதிக்க வைத்து, கழுவி, உயரமான மேடைகளில் வெயிலில் உலர்த்தினர். தரம் உயர்ந்தது, விலையும் உயர்ந்தது. 2003இல் மராபா காப்பி பிரிட்டனின் பேரங்காடிகளை எட்டியது.

ருவாண்டா காப்பிக்கு ஒரு சோதனை உண்டு. பழுதான ஒரே ஒரு கொட்டை கலந்தாலும், குவளைக் காப்பி முழுவதும் பச்சை உருளைக்கிழங்கின் வாடை வீசும். அதனால் கொட்டைகளைக் கையால் பொறுக்கித் தரம் பிரிக்கின்றனர். அந்த மேசையில், கணவனைப் பறிகொடுத்தவளும் கொலைக்குற்றத்திற்காகச் சிறையில் இருப்பவனின் மனைவியும் அருகருகே அமர்ந்த காலம் உண்டு. ஒருத்தி கவனம் தவறினால், மற்றவளின் உழைப்பும் வீணாகும். முதலில் அவர்களுக்குப் பொதுவாக இருந்தது அந்தக் கொட்டைகள் மட்டுமே.

மன்னிப்பு ஒரே நாளில் கனிவதன்று. ஆறாத காயங்கள் இன்னும் இருக்கலாம். ‘கூடி வாழ்ந்தால் கோடி நன்மை’ என்று சொல்வது எளிது. கூடி வாழ மனம் ஒப்பாதவர்கள்கூட, முதலில் கூடி உழைக்கத் தொடங்கலாம். ருவாண்டாவின் காப்பித் தோட்டங்கள் உணர்த்துவது இதைத்தான்.