வளனும் யாத்திரிகனும் குறத்தியும்

மார்ச் 6, 2025, வியாழன்

நேற்று சாம்பல் புதன். ஆராதனை முடிந்ததும் ஐயர் கூப்பிட்டு, லெந்து ஞாயிறு மாலைகளில் வாலிபருக்கு இறையியல் நடத்தச் சொன்னார். கிறிஸ்தியல், மீட்பியல், திருச்சபையியல், இறுதியியல் என்று தலைப்புகளும் தந்தார். தமிழ்க் கிறிஸ்தவக் காப்பியங்களை வைத்தே நடத்துகிறேன் என்றேன். யாரைக் கதைத்தலைவன் ஆக்குவது, எந்த இலக்கிய வகையில் பாடுவது என்று ஒரு கவிஞர் முடிவு செய்யும் இடத்திலேயே அவருடைய இறையியல் தெரிந்துவிடும். வகுப்பில் அதைத்தான் காட்ட வேண்டும்.

மார்ச் 8, சனி

தேம்பாவணி. வீரமாமுனிவர் 1726இல் முடித்தது. 36 படலம், 3,615 பாடல். இத்தனை பெரிய காப்பியத்துக்குத் தலைவன் வளன், அதாவது யோசேப்பு. நான்கு சுவிசேஷங்களிலும் அவர் பேசியதாக ஒரு வார்த்தைகூட இல்லை! முனிவருக்கு மூலமாக இருந்த ஸ்பானியத் துறவி ஆகிர்தா மரியாளின் நூல், கன்னி மரியாளின் வரலாறு. அதைக் கையில் வைத்துக்கொண்டு முனிவர் தச்சனைத் தேர்ந்தார். வார்த்தை மாம்சமானார் என்று யோவான் சுவிசேஷத்தில் வாசித்துவிட்டுப் போகிறோம். மாம்சமான பிள்ளையை யாரோ தூக்கிச் சுமக்கவும், சோறு தேடிப் போடவும், ஏரோதுக்குப் பயந்து ராத்திரியோடு ராத்திரியாக எகிப்துக்குக் கொண்டு ஓடவும் வேண்டியிருந்ததே. வளன் வழியாகப் பார்க்கும்போது கிறிஸ்துவின் மனிதத்தன்மை எனக்கு உறைக்கிறது.

மார்ச் 9, ஞாயிறு

நல்ல கூட்டம். காப்பிய நடை பிள்ளைகளுக்குக் கடினம்தான். பதம் பிரித்து வாசித்ததும் பிடித்துக்கொண்டார்கள்.

மார்ச் 12, புதன்

இரண்டு நாளாக இரட்சணிய யாத்திரிகம். அதைப் பாடிய கிருஷ்ணபிள்ளை நம் திருநெல்வேலிச் சீமைக்காரர், வைணவக் குடும்பத்தில் 1827இல் பிறந்து 1858இல் ஞானஸ்நானம் பெற்றவர். ஜான் பனியனின் மோட்ச பிரயாணத்தைத் தழுவியது என்று எல்லோரும் சொல்கிறார்கள். தழுவாமல் அவராகச் சேர்த்த பகுதியில்தான் என் மனம் நிற்கிறது. பனியனில் யாத்திரிகன் சிலுவையண்டை வந்ததும் முதுகுச் சுமை அவிழ்ந்து உருண்டு கல்லறைக்குள் விழுகிறது. சில வரிகளில் முடிந்துபோகும். பிள்ளையவர்களுக்கு அது போதவில்லை. இரட்சணிய சரிதப் படலம் என்று தனியே வைத்து, கிறிஸ்துவின் பாடுகளை விரிவாகப் பாடுகிறார். சுமை இறங்கியது என்று சொன்னால் ஆயிற்றா, இறக்கியவர் பட்டது என்ன என்று கேட்கிற மனசு அது. மீட்பியலில் இதைவிடப் பெரிய கேள்வி இல்லை. யாத்திரிகனான ஆத்துமவிசாரியின் பயணத்துக்கு நடுநடுவே தேவாரம் என்றே பெயரிட்டு உருகிப் பாடுகிறார். கம்பனில் ஊறிய நாவுக்குத்தான் இது வரும். இந்த இடத்தில் பனியனைவிட நம்மவரே ஆழம் என்பேன்.

மார்ச் 15, சனி

வேதநாயக சாஸ்திரியாரின் பெத்லகேம் குறவஞ்சி, 1800. தஞ்சையில் ஸ்வார்ட்ஸ் ஐயரிடம் படித்தவர். திருச்சபை என்றதும் கட்டடமும் கமிட்டியும் தேர்தலும்தான் நம் பிள்ளைகளுக்கு ஞாபகம் வருகிறது. சாஸ்திரியாருக்கு அவள் தேவமோகினி, பெத்லகேம் நாதரை நினைத்து ஏங்குகிற பெண். கையைப் பிடித்துக் குறி சொல்ல வருகிற குறத்தி விசுவாசம். வலை விரித்துப் பறவை பிடிக்கிற சிங்கனும் நூவனும் குருமாரும் உபதேசிமாரும். குறவஞ்சியில் தலைவி காத்திருப்பவள்; நாதர் வருவார் என்று குறத்தி சொல்லும் சொல்லைப் பிடித்துக்கொண்டு இருப்பவள். திருச்சபையியலும் இறுதியியலும் ஒரே பாட்டில் கிடைக்கின்றன. இரண்டையும் தனித்தனி வகுப்பாக நடத்தப்போவதில்லை.

மார்ச் 16, ஞாயிறு

“டீச்சர், அப்படின்னா குறத்தி சொல்றதை அவ நம்பலேன்னா?” என்று பின்வரிசையில் ஒரு பெண் கேட்டாள். பதிலை நான் சொல்லவில்லை. பிள்ளைகளே பேசட்டும் என்று விட்டேன். விசுவாசம் இல்லாத சபைக்கும் நாதர் வருவாரா என்று அரை மணி நேரம் வாதம். பவுலின் ரோமர் நிருபத்தைக் கேட்காமலே ஒரு பையன் எடுத்து வாசித்தான். குறி சொல்லும் பகுதியை ஈஸ்டர் கழித்துப் பாடி நடிக்க வேண்டுமாம். ஐயரிடம் நாளை காலையே கேட்டுவிட வேண்டும். தாளம் தெரிந்தவர் ஒருவரும் வேண்டும்.