பற்றவைப்புக்குள் தங்கிய விசை



மயிலாப்பூரில் எங்கள் மாலை நேர மத்ரஸா மாடியில் நடைபெறுகிறது. சென்ற ஆண்டு படிக்கட்டுக்கு இரும்புக் கைப்பிடி அமைத்தோம். வெல்டிங் செய்ய வந்த தம்பி, "சூடு தானாக ஆறட்டும் ஹஜ்ரத், மீதியை நாளை முடிக்கிறேன்" என்றார். மக்ரிபுக்குப் பின் பிள்ளைகள் வந்துவிடுவார்களே என்ற அவசரத்தில், "தண்ணீர் ஊற்றி ஆற்றி, இன்றே முடித்துவிடுங்கள்" என்றேன். முடித்தார். பார்வைக்கு நேராகவே இருந்தது.

சில வாரங்களில் ஒரு மாணவன் சாய்ந்தபோது பற்றவைத்த இடம் பிளந்தது. அல்லாஹ் காத்தான், முழங்கையில் சிராய்ப்பு மட்டுமே. நானோ, "தொங்கி விளையாடலாமா?" என்று எல்லார் முன்னிலையிலும் அவனைக் கடிந்துகொண்டேன். அவன் தலைகுனிந்து நின்றான்.

ஐ.ஐ.டி.யில் உலோகவியல் பயின்ற, மற்றொரு மாணவனின் தந்தை உடைந்த துண்டைப் பார்த்துவிட்டு விளக்கினார். உருகிய உலோகம் ஆறும்போது சுருங்க முயல்கிறது. சுற்றியுள்ள குளிர்ந்த இரும்பு அதை விடுவதில்லை. அந்த இழுவிசை உள்ளேயே தங்கிவிடுகிறது. அதற்கு எஞ்சிய தகைவு என்று பெயர். திடீரெனக் குளிர்வித்தால் பற்றவைப்பின் ஓரம் இறுகி, எளிதில் பிளக்கும் தன்மையும் பெறலாம். "அது ஒன்றே காரணம் என்று சொல்லமாட்டேன். ஆனால் பையனின் பாரம் மிகச் சிறியது, ஹஜ்ரத், உள்ளே ஏற்கெனவே ஒரு பாரம் இருந்திருக்கும்" என்றார்.

1943 ஜனவரியில் அமெரிக்காவின் போர்ட்லண்ட் துறையில், அமைதியான நீரில் நின்ற 'ஸ்கெனெக்டடி' என்னும் புதிய எண்ணெய்க் கப்பல் ஏறக்குறைய இரண்டாகப் பிளந்ததையும் அவர் சொன்னார். நமக்கு அருகே கல்பாக்கத்தில், 500 மெகாவாட் ஈனுலையின் சுமார் 13 மீட்டர் விட்டமுள்ள முதன்மைக் கலனும் எஃகுத் தகடுகளைப் பற்றவைத்து அமைத்ததே. இத்தகைய பணிகளில் கண்ணை நம்புவதில்லை. எக்ஸ் கதிரைச் செலுத்தி அணு அடுக்குகளின் இடைவெளியை அளக்கிறார்கள். அல்லது சிறு துளையிட்டு, சுற்றிலும் உலோகம் எவ்வளவு நெகிழ்கிறது என்று பார்க்கிறார்கள். கணினியில் பொருளைச் சிறு கூறுகளாகப் பகுத்து, சூடு பரவுவதையும் ஆறுவதையும் கணித்து, அளவோடு ஒப்பிடுகிறார்கள். சாதாரண எஃகானால் 600 பாகை செல்சியஸ் அளவில் சூடேற்றி, மெல்ல ஆறவிட்டுத் தகைவைத் தணிக்கிறார்கள்.

தாவூத் (அலை) அவர்களுக்கு அல்லாஹ் இரும்பை மென்மையாக்கிக் கொடுத்தான். கவச வளையங்களை அளவோடு இணைக்கவும் பணித்தான். இதைப் பிள்ளைகளுக்குப் பலமுறை கற்பித்தவன் நான். என் படிக்கட்டில் அந்த அளவைப் பேணவில்லை.

கைப்பிடியைப் புதிதாக அமைக்க இரண்டு நாள் வகுப்பை நிறுத்தினேன். காரணத்தைப் பெற்றோரிடம் மறைக்கவில்லை. மூன்றாம் நாள், எந்தப் பிள்ளைகள் முன்னிலையில் கடிந்துகொண்டேனோ அவர்கள் முன்னிலையிலேயே அந்த மாணவனிடம், "தவறு என்னுடையது, என்னை மன்னித்துவிடு" என்றேன். உடனே அவன் சிரித்துவிடவில்லை. ஒரு வாரம் கழித்தே பழையபடி முன்வரிசையில் வந்து அமர்ந்தான்.

நம் அவசரம் பிறருக்குள் விட்டுச்செல்லும் பாரத்தை உணர்ந்து, அதைத் தணிக்கும் பொறுமையை அல்லாஹ் நமக்குத் தருவானாக. ஆமீன்.