அளவும் ஆதரவும்

ஆனித் திங்கள் பிறந்ததும் குற்றாலத்தில் சாரல் தொடங்கும். திரிகூட மலையின் முடியில் முகில்கள் தவழும். மேல்காற்று மெல்ல வீசும். தூறல் பூவெனப் பொழியும். பேரருவியிலும் ஐந்தருவியிலும் நீராட மக்கள் திரள்திரளாய் வருவர். பேரருவியின் அடியில் பாதுகாப்பு வளைவு ஒன்று உண்டு. வெள்ளம் அவ்வளைவைக் கடந்து கொட்டுமாயின், குளிப்பதற்குத் தடை விதிப்பர். வெள்ளம் தணிந்ததும் தடை நீங்கும். அருவியின் இயல்பறிந்தோர் அத்தடையை வெறுப்பதில்லை. நீர் பெருகும் நாளும் உண்டு, அடங்கும் நாளும் உண்டு என்பதை அவர்கள் அறிவார்கள்.

மனித உடலிலும் இவ்வாறு பெருகியும் அடங்கியும் வரும் நோய் ஒன்று உண்டு. அதனைக் குடல் அழற்சி நோய் என்பர்.

தென்காசியை அடுத்த சிற்றூரில் பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் இருந்தான். ஓராண்டு சாரற் காலத்தில் நண்பர்கள் அவனை அருவிக்கு அழைத்தார்கள். அவன் ஏதேதோ சாக்குக் கூறி மறுத்தான். உண்மைக் காரணம் அவன் ஒருவனுக்கே தெரியும். நாள்தோறும் ஆறேழு முறை வயிறு போயிற்று. அதனோடு குருதியும் கலந்து வந்தது. வகுப்பில் அடிக்கடி வெளியே செல்ல இசைவு கேட்டான். உடன் பயின்றோர் நகைத்தனர், பட்டப்பெயரும் சூட்டினர். நாணம் மிகுந்த அவன், வயிற்றைக் காலியாக வைத்திருந்தால் துன்பம் நேராது என்று எண்ணிக் காலையுணவை விட்டான். இரண்டு திங்களில் உடல் மெலிந்தது, முகம் வெளுத்தது. ஆயினும் பெற்றோரிடம் ஒன்றும் கூறவில்லை.

ஆச்சியின் கண்களை மட்டும் அவனால் ஏமாற்ற முடியவில்லை. தட்டில் சோறு மிஞ்சுவதையும், சட்டை தளர்ந்து தொங்குவதையும் அவள் கவனித்து வந்தாள். ஒருநாள் மாலை அவனை அருகில் இருத்தி, "ஐயா, நோய் வந்தது உன் குற்றம் அன்று, அதை ஒளிப்பதுதான் குற்றம். என்னிடம் சொல்லக் கூடாதா?" என்று கேட்டாள். அவன் அழுதுகொண்டே அனைத்தையும் கூறினான்.

மறுநாளே தந்தை அவனைத் திருநெல்வேலிப் பெரிய மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். குடலைப் பற்றும் காசநோயும் இத்தகைய குறிகளைக் காட்டக்கூடும். ஆதலால் மருத்துவர் விரைந்து முடிவு கூறவில்லை. குருதியையும் மலத்தையும் ஆய்ந்தார்; குழாய்க் கருவியால் குடலின் உட்புறத்தைப் பார்த்தார்; சிறு தசைத் துணுக்கு எடுத்துச் சோதித்தார். அதன் பின்னரே, பெருங்குடலில் புண்ணை உண்டாக்கும் அழற்சி நோய் இது என்று தெளிந்தார்.

நோய்க்கிருமிகளை எதிர்க்க வேண்டிய உடலின் காவற்படை, தான் காக்க வேண்டிய குடலையே தாக்குவது இந்நோயின் இயல்பு. இது பெரும்பாலும் இளமையிலேயே தோன்றும். இதில் இரு பெரும் வகைகள் உள. ஒன்று பெருங்குடலை மட்டும் பற்றுவது. மற்றொன்று வாய் முதல் குதம் வரை உணவுப் பாதையின் எப்பகுதியையும் பற்றக் கூடியது. பின்னதை 1932-ஆம் ஆண்டில் நியூயார்க் நகர மருத்துவர் பரில் குரோனும் அவர்தம் துணைவர் இருவரும் விளக்கி எழுதினர். அதனால் அது குரோன் நோய் எனப் பெயர் பெற்றது. மரபும், சூழலும், குடல்வாழ் நுண்ணுயிர்களின் மாறுபாடும் கூடி இந்நோயை விளைக்கின்றன என்பர். இஃது ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதன்று.

"இந்நோயை வேரோடு களையும் மருந்து இன்னும் இல்லை. ஆயின், இதனைப் பல்லாண்டு அடக்கி வைக்கும் மருந்துகள் உண்டு. நலமாகிவிட்டது என்று நீயாகவே மருந்தை நிறுத்தினால், அடங்கிய வெள்ளம் மீண்டும் பெருகும்" என்று மருத்துவர் எச்சரித்தார்.

உணவைப் பற்றியும் அவர் தெளிவாகக் கூறினார். எல்லார்க்கும் ஒத்த பத்தியம் என்று ஒன்று இல்லை. ஒருவர்க்கு ஒத்தது மற்றவர்க்கு ஒவ்வாது. ஆகவே, உண்டதையும் அதன்பின் உடல் இருந்த நிலையையும் ஓர் ஏட்டில் எழுதி வருதல் நலம். நோய் பெருகிய நாள்களில் குழைந்த சோறு, இட்லி, தோல் நீக்கி வேகவைத்த காய், கனிந்த வாழைப்பழம் போன்ற மெல்லுணவைச் சிறிது சிறிதாகப் பலமுறை உண்ணலாம்; நீர் நிரம்பப் பருக வேண்டும். மிகு காரமும், எண்ணெயிற் பொரித்தவையும், நார் மிகுந்தவையும் அப்போது ஆகா. நோய் அடங்கியபின் உணவு வகைகளைப் படிப்படியாகப் பெருக்கிக்கொள்ள வேண்டும். அச்சத்தால் எல்லாவற்றையும் விலக்கினால், நோயினும் பட்டினியே உடலை மெலிவிக்கும். உறக்கமும், அளவான உடற்பயிற்சியும், மன அமைதியும் வேண்டும். வலி நீக்கும் மாத்திரைகளை மருத்துவரைக் கேளாமல் விழுங்குதல் தீது.

மூலிகைகளைத் தழுவி வரும் அருவிநீர் நோயைப் போக்கிவிடும் என்பது ஆச்சியின் நம்பிக்கை. "அருவி உடலுக்குக் குளிர்ச்சியும் உள்ளத்துக்குக் களிப்பும் தரும், அம்மா. ஆனால் மருந்தின் வேலையை மருந்துதான் செய்யும்" என்று மருத்துவர் பணிவுடன் விளக்கினார். ஆச்சி அதை ஏற்றாள். அன்று முதல் பேரனுக்காகக் குழம்பில் காரத்தைக் குறைத்தாள். உணவு ஏட்டையும் நாள்தோறும் படிக்கச் சொல்லிக் கேட்டாள்.

பள்ளியில் வகுப்பாசிரியர் அவனைத் தனியே அழைத்தார். "இனி நீ இசைவு கேட்க வேண்டியதில்லை, வேண்டும்போது எழுந்து செல்" என்றார். வாயிலுக்கு அருகில் இடமும் தந்தார். அப்போதும் அவன் தலை கவிழ்ந்தே நின்றான். ஆசிரியர் தொலைவில் தெரிந்த தென்காசிக் கோபுரத்தைச் சுட்டினார். "அக்கோயிலை எடுத்த பராக்கிரம பாண்டியன், பிற்காலத்தில் அது பழுதுறுமாயின் அதனைச் சீர்செய்வோரின் அடிகளை வணங்குவதாகக் கல்லில் பொறித்து வைத்தான். நெடுங்காலம் சிதைந்து நின்ற கோபுரம் பலர் முயற்சியால் 1990-ஆம் ஆண்டில் ஒன்பது நிலையோடு மீண்டும் எழுந்தது. முடிமன்னனே பிறர் துணையை வேண்டினான். நீ வேண்டுவதில் நாணம் என்ன?" என்று கேட்டார்.

ஜப்பானியத் தலைமை அமைச்சர் சின்சோ அபேயின் வரலாற்றையும் அவர் எடுத்துரைத்தார். அபே இளமையிலேயே இந்நோய்க்கு ஆளானவர். 2007-இல் அவர் பதவி துறந்ததற்கு இதுவும் ஒரு காரணம். புதிய மருந்தால் நலம்பெற்று 2012-இல் மீண்டும் தலைமை அமைச்சரானார். 2020-இல் நோய் மறுபடியும் தலைதூக்கவே விலகினார். எனினும், அந்நாட்டில் அவரினும் நெடுங்காலம் அப்பதவியில் இருந்தவர் எவரும் இலர்.

அந்த வாரமே மாணவன் தன் நோயைப் பற்றி வகுப்பில் எழுந்து பேசினான். நகைத்தவர்கள் நாணினர். பட்டப்பெயர் சூட்டியவனே பின்னர் அவனுக்குப் பாடக்குறிப்புகளை வீடு தேடிக் கொண்டுவந்து கொடுத்தான்.

மறு ஆண்டுச் சாரலில் நண்பர்கள் குற்றாலம் சென்றார்கள். அவனும் உடன் சென்றான். பையில் மாத்திரையும், ஆச்சி கட்டிக் கொடுத்த இட்லியும் இருந்தன. அன்று நீர் வளைவைத் தாண்டிக் கொட்டியதால் குளிக்க இயலவில்லை. மற்றவர்கள் வருந்தினார்கள். அவனோ பாறைமேல் அமர்ந்து புன்னகை செய்தான். "நாளைக்குத் தணியும், அதுவரை காத்திருப்போம்" என்றான்.